புஷ்பாவின் காருக்கு நான் மாற்றிய எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலை. பெர்மாஸ் ஜெயாவில் என் தங்கை வீட்டு வாசலில், அவள் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு நின்றிருந்தேன். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன்.

தண்ணீர் மாதிரி இருந்தது.

மறுபடி தேய்த்தேன். இரண்டு விரலையும் மெல்லப் பிரித்தேன். நல்ல எண்ணெய் என்றால் நூல் போல இழுத்துக்கொண்டு வரும், பிறகுதான் அறும். இது இழுக்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன். சமையல் எண்ணெய் போல வெளிறிய மஞ்சள். முகர்ந்தேன். ஒரு வாசமும் இல்லை.

பக்கத்து வீட்டில் யாரோ சம்பல் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்ததும் தீர்மானித்துவிட்டேன். என் தங்கையை ஏமாற்றிவிட்டார்கள்.

அந்தத் தீர்மானத்துக்கு வர எனக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. அது தப்பு என்று வாய் திறந்து சொல்லப் பத்தொன்பது நாள் ஆனது.

இரண்டு வார விருந்தாளி

வாராவாரம் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். செம்பனைத் தோட்டம், லோரி, துறைமுகம், கட்டுமானம், ஆயர் ஈத்தாமில் பானைக் கடை என்று ஜொகூர் முழுக்க ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டேன். எங்கேயும் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, அதுவும் மூன்று வருடம்தான்.

இது பழைய கதை இல்லை. நடந்து அதிக நாள் ஆகவில்லை. விரலில் அந்த எண்ணெயின் வழுவழுப்பு இன்னும் ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

புஷ்பா எனக்கு ஆறு வயது இளையவள். பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கணவர் இறந்துவிட்டார், மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். இருபது வருடம் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தவள், எட்டு மாதத்துக்கு முன்னால்தான் முதல் முறையாகப் புதுக் கார் எடுத்தாள். சின்னக் கார், வெள்ளை நிறம். வாங்கிய முதல் மாதம் முழுவதும் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலேயே ஓட்டினாளாம்.

நான் முதுகு வலியோடு அவள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் என்று சொல்லி வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காலையில் எனக்கும் சேர்த்துப் பசியாற எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். கேட்காததுதான் எனக்கு உறுத்தல். வீட்டில் குழாய் ஒழுகவில்லை, விளக்கு எல்லாம் எரிந்தது, கூரையில் ஓட்டை இல்லை. ஒரு ஆம்பிளை கை வைத்துச் சரி செய்ய அந்த வீட்டில் எதுவுமே இல்லை.

கார் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போன வாரம்தான் சர்வீஸ் நிலையத்துக்குப் போய்விட்டு வந்திருந்தது. இருந்தாலும் நான் முன்மூடியைத் திறந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பீப்பாய்

நான் பிறந்த தோட்டத்தில், ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பட்டறை. பட்டறை வாசலில் படுக்கவைத்த ஒரு பீப்பாய், அதற்கு ஒரு பித்தளைக் குழாய். டிராக்டர், லோரி, தண்ணீர் இறைக்கும் இயந்திரம், கணக்குப் பார்க்கும் கிராணியின் மோட்டார் சைக்கிள், மேனேஜரின் ஜீப் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குழாயிலிருந்துதான் எண்ணெய். மலாய்க்காரர்கள் எஞ்சின் எண்ணெயை 'மினியாக் ஈத்தாம்' என்பார்கள், கறுப்பு எண்ணெய் என்று. நாங்களும் அப்படியே சொன்னோம். எண்ணெய் என்றால் கறுப்பாக, கெட்டியாக, கையில் பட்டால் இரண்டு நாள் சோப்புக்குப் போகாததாக இருக்க வேண்டும்.

பட்டறை ஆட்கள் எல்லாரும் விரலில்தான் பார்த்தார்கள். தேய்த்து, பிரித்து, நூல் எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்து, "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்பார்கள். அளவு பார்க்கிற கருவி எதையும் நான் அங்கே கண்டதில்லை. எஞ்சின்கள் ஓடின.

பிறகு நான் லோரி ஓட்டினேன். செம்பனைப் பழக்குலைகளைத் தோட்டங்களிலிருந்து ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. லோரி முதலாளியே எண்ணெய் வாங்கி வருவார், பட்டறைக்காரர் ஒருவரிடமிருந்து, மலிவாக. ஒரு தடவை புது டப்பாவைத் திறந்து விரலில் தேய்த்தேன். இழுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

மூன்றாவது வாரம், சிம்பாங் ரெங்கம் போகும் வழியில், வெயில் கொளுத்துகிற மத்தியானம், எஞ்சின் ஒரு தடவை முனகிவிட்டு இறுகி நின்றது. லோரி நிறைய பழம். அன்று மாலைக்குள் பழம் புளித்து, ஈ மொய்த்தது. நான் பக்கத்தில் செம்பனை நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

எஞ்சினைத் திறந்தவர் அதே பட்டறைக்காரர். உபயோகித்த எண்ணெயை வடிகட்டி, புது டப்பாவில் அடைத்து விற்றவரும் அவர்தான். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முதலாளியிடம் சொன்னது: "டிரைவர் எண்ணெ பாக்கல போலருக்கு."

மறுநாள் எனக்கு வேலை இல்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதவில்லை. வேலை போவது அப்போது மழை வருவது மாதிரி. ஆனால் அன்றிலிருந்து மெல்லிய எண்ணெய் என்றாலே எனக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ திருடுகிறான்.

என்ன காடிக்கு?

தங்கை வீட்டுக்கு அருகில் ஒரு உதிரிபாகக் கடை. நடத்துகிறவர் தமிழ் முஸ்லிம், தாத்தா காலத்தில் கடல் கடந்து வந்த குடும்பம். வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருப்பார்.

"பாய், நல்ல கெட்டி எண்ணெ ஒரு டப்பா குடுங்க. அம்பது நம்பர்."

"என்ன காடிக்கு?"

அதைத்தான் அவர் முதலில் கேட்டார். அது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. இந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடை மேசையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து "எந்த எண்ணெ நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். ஒருவர் நம் ஊர் வெயிலுக்குக் கெட்டிதான் என்பார், இன்னொருவர் விலை கூடியதுதான் நல்லது என்பார். என்ன கார் என்று ஒருவரும் கேட்கமாட்டார். பாய் கேட்டார்.

நான் சொன்னேன்: "லோரிக்கு."

"எந்த வருஷம்?"

"பழசு பாய். ரொம்பப் பழசு."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு தடவை பார்த்தார். நான் லோரி வைத்திருக்கும் ஆள் மாதிரி தெரியவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்.

ஏன் பொய் சொன்னேன்? புதுக் கார் என்று சொன்னால் இதைத் தரமாட்டார், ஏதாவது பேசுவார் என்று தெரியும். எனக்குப் பேச்சு வேண்டாம், எண்ணெய்தான் வேண்டும்.

புஷ்பா கோயிலுக்குப் போயிருந்தாள், எதிர் வீட்டுக்காரர்களோடு அவர்கள் காரில். திரும்பி வர எப்படியும் மதியம் ஒரு மணி ஆகும். நான் முன்சக்கரங்களை இரண்டு தடிப் பலகைமேல் ஏற்றி, அடியில் படுத்தேன். சரியான அளவு சாவி வீட்டில் இல்லை. கிடைத்த ஒன்றை வைத்து அழுத்தித் திருப்பினேன். இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவது தடவை நட்டு கழன்றது. மஞ்சள் எண்ணெய் பழைய துணி ஊறவைக்கும் வாளியில் ஊற்றாக விழுந்தது. அது விழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது.

புது எண்ணெய் பாகு மாதிரி இறங்கியது. மனசு நிறைந்தது. வாளியில் இருந்ததைக் காலி டப்பாவில் ஊற்றி, பின்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன். புஷ்பா வந்து, "என்னண்ணே, வாசல்லாம் கழுவி விட்டிருக்க?" என்றாள்.

"சும்மா இருக்க முடியல."

"அப்போ அடுத்த வாரம் சாக்கடையையும் கழுவி விடு," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் சொல்லவில்லை. காரியம் செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டுவது அற்பம் என்று நினைத்தேன். சர்வீஸ் நிலையக்காரனோடு அவள் சண்டைக்குப் போவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மைதான். கேட்காமல் செய்ததற்குத் திட்டுவாள் என்ற பயமும் இருந்தது.

மஞ்சள் விளக்கு

முதல் வாரத்திலேயே கார் காலையில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு கடகடச் சத்தம், பித்தளைச் சொம்புக்குள் குண்டுமணி போட்டுக் குலுக்கினாற்போல. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நான் அறைக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். புது எண்ணெய் பழகிக்கொள்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"பெட்ரோல் தண்ணியா குடிக்குதுண்ணே," என்றாள் புஷ்பா. "மேடு ஏறவே மாட்டேங்குது. கூட வேலைக்கு வர்ற பிள்ளைங்க, 'அக்கா எறங்கித் தள்ளவா'ன்னு கேலி பண்ணுதுங்க."

இரண்டாவது வாரம் முடிகிறபோது மீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செவ்வாய்க்கிழமை அவள் சர்வீஸ் நிலையத்தில் காரை விட்டுவிட்டு வந்தாள். புதன்கிழமை அழைத்தார்கள். போய்விட்டு வந்தவள் கைப்பையை நாற்காலியில் எறிந்தாள்.

"கேட்டியா கதய? என் காடிக்கு லோரி எண்ணெய ஊத்தி வெச்சிருக்கானுங்க!"

நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரு?"

"தினேஷ்னு ஒருத்தன். முப்பது வயசு இருக்கும். போன சர்வீஸ் அவன் கைதான். அங்க பழைய வேனுக்கு ஊத்துற கெட்டி எண்ணெ ஒரு பீப்பா, எங்க காடிக்கு ஊத்துறது ஒரு பீப்பா, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. கவனிக்காம மாத்தி ஊத்திட்டான். மேனேஜரு கூப்ட்டுக் கேட்டா, நான் இல்ல, நான் இல்லன்னு ஒரே சாதிப்பு."

"அவன் என்ன சொல்றான்?"

"கீழ நட்டு மொனையெல்லாம் மழுங்கியிருக்காம், அவன் அப்படித் தெறக்க மாட்டானாம். ஃபில்டரு அவன் போட்டதுதானாம், எண்ணெ மட்டும் வேறயாம். பேயா வந்து மாத்திட்டுப் போச்சு, எங்க வீட்டு வாசல்ல?"

கத்தி நின்றுவிட்டது. "அவனுக்கு என்ன ஆகும்?"

"வெள்ளிக்கிழமையோட வேலய விட்டு நிப்பாட்டுறாங்க. அதுவரைக்கும் காடி கழுவுற எடத்துல போட்டிருக்காங்க. நல்லா வேணும்." சட்டென்று என்னைப் பார்த்தாள். "நீ ஏன் அழுவுற?"

"வெங்காயம்."

லார்க்கினில் ஒரு மணி நேரம்

இனி எழுதுவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை புஷ்பா தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போனதும் என் பையை எடுத்துக்கொண்டு லார்க்கின் பேருந்து நிலையத்துக்குப் போனேன். என்னைப் படித்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நான் ஒவ்வோர் ஊரிலிருந்தும் கிளம்பியது இப்படித்தான். ஏதாவது ஒன்று கெட்டுப்போகும், நான் பையை எடுப்பேன். வேறு ஊரில் வேறு முகங்கள். அதைத்தான் இத்தனை வாரமாக ஊர் சுற்றினேன் என்று அழகாக எழுதி வந்திருக்கிறேன்.

டிக்கெட் முகப்பில் ஒரு மலாய்ப் பெண். எங்கே என்று கேட்டாள். குளுவாங் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே ஒரு மரப்பட்டறையில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டு வந்தவன் நான். பத்து பஹாட்? அங்கேயும் அப்படித்தான். மூவார், சிகாமாட், யோங் பெங். ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டது. "பாக்சிக், எங்கே போறதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்க," என்றாள் அந்தப் பெண், மலாயில், பெரியவரை அழைக்கும் மரியாதையோடு.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பன் ஒன்று வாங்கித் தின்றேன். சிம்பாங் ரெங்கம் சாலையில் நான் உட்கார்ந்திருந்த நிழல் ஞாபகம் வந்தது. அன்று அந்தப் பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை முப்பது வருடம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவருக்கும் அன்று என்னைப் போலவே உறுத்தியிருக்குமோ என்று முதல் முறையாகத் தோன்றியது. உறுத்தியிருந்தால் என்ன, உறுத்தாவிட்டால் என்ன? என் வேலை போனது போனதுதான்.

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று இரவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அவள் காரை எடுக்க வேண்டும் என்று விடுப்பு போட்டிருந்தாள். கோப்பி ஊற்றி என் முன்னால் வைத்தபோது சொன்னேன்.

"புஷ்பா, அந்த எண்ணெய ஊத்துனது நான்."

அவள் கோப்பிக் கெண்டியைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து போய், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"இது உள்ள இருந்தது. தினேஷ் ஊத்துனது."

கெண்டியை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "நான் அந்த ஆள மூஞ்சிக்கு நேரா பொய்யன்னு சொன்னேண்ணே," என்றாள். அவ்வளவுதான். பிறகு கைப்பேசியில் வாடகைக் காருக்குச் சொன்னாள். வழி முழுக்க நான் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊசி முனை

மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி, குட்டை முடி, வேகமான மலாய். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. டப்பாவைத் திறந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார். தங்கள் பீப்பாயிலிருந்து இன்னொரு கோப்பையில் பிடித்துவரச் சொன்னார். இரண்டையும் ஜன்னலோரம் வைத்தார். பிறகு தினேஷைக் கூப்பிட்டனுப்பினார்.

முழங்கால் வரை நனைந்த காற்சட்டையோடு வந்தான். ஒல்லியான ஆள், காதுக்குப் பக்கத்தில் சோப்பு நுரை. புஷ்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

மேனேஜர் மலாயில் இரண்டு வாக்கியம் பேசினார். இன்று முதல் பழைய வேலைக்குத் திரும்பலாம், எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்று. இந்தப் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது, செலவு உங்களுடையது என்று புஷ்பாவிடம் சொன்னார். புஷ்பா தலையாட்டினாள். பிறகு எழுந்து, "தம்பி, நான் பேசுனது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள்.

"பரவால்லக்கா," என்றான். ஆனால் அவன் பார்த்தது என்னை. "அங்கிள், ஒன்னே ஒன்னு. ஏன்?"

"எண்ணெ தண்ணியா இருந்துச்சு. ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காரிடம் அழைத்துப் போனான். முன்மூடி திறந்திருந்தது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அதன் தலையில் எந்த எண்ணெய் என்று எண் பொறித்திருந்தது. அன்று அதே மூடியைத்தான் நான் கழற்றி, கவிழ்த்து, பாட்டரிமேல் வைத்தேன்.

"தண்ணியாதான் இருக்கணும் அங்கிள்! இந்த எஞ்சினுக்குள்ள ஓட்டையெல்லாம் ஊசி மொன. காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே எண்ணெ மேல ஏறணும். நீங்க ஊத்துனது கஞ்சி. அது ஏறுறதுக்குள்ள இரும்பும் இரும்பும் ஒரசுது. கேட்டீங்கல்ல, கடகடன்னு?"

"கேட்டேன்."

"மேல வால்வ முன்ன பின்ன தள்ளுறதும் இந்த எண்ணெதான். கெட்டியா இருந்தா தள்ளாது. அதான் வெளக்கு எரிஞ்சுச்சு."

"நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியா..."

"அலமாக்! வெயில், மழ எல்லாம் பாத்துதான் காடி செஞ்சவன் அந்த நம்பர போட்டிருக்கான். ஒங்க பழைய லோரிக்கு இத ஊத்துனா அது செத்துரும். அதுக்குக் கெட்டி. இதுக்கு இது. எண்ணெயில நல்லது கெட்டது இல்ல அங்கிள், எந்த எஞ்சினுக்குன்னுதான் இருக்கு."

முப்பத்தைந்து வருடம் எஞ்சின்களோடு புழங்கியவன் நான். வெட்கமாக இருந்தது. அதோடு, மறைக்காமல் சொல்வதென்றால், தெரிந்துகொண்டதில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கெட்டி எண்ணெயை முழுதாக இறக்கி, மெல்லியதை ஊற்றி ஓடவிட்டு, அதையும் இறக்கி, புது ஃபில்டரும் புது நட்டும் போட்டு, மறுபடி ஊற்றினான். வால்வு பக்கம் ஏதோ ஒரு சின்னப் பாகத்தையும் மாற்றினான். மத்தியானம் ஆகிவிட்டது. வேலை முழுவதும் நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் ஒரு சாமானைக்கூட எடுத்துத் தரச் சொல்லவில்லை.

கோமதியின் விசாரணை

கையைக் கழுவிவிட்டு வந்தவன், போகாமல் நின்றான்.

"வேல கெடச்சிருச்சு. அது சரி. ஆனா எங்க வீட்ல..."

"என்ன?"

"புதன்கெழம சாயந்திரமே பிள்ளையத் தூக்கிக்கிட்டு சிம்பாங் ரெங்கத்துக்குப் போயிருச்சு, அம்மா வீட்டுக்கு. இது எனக்கு மூணாவது வேல. மொத ரெண்டையும் நானே கெடுத்துக்கிட்டேன், பொய் வேற சொன்னேன். இப்ப நான் ஊத்தலன்னு சொன்னா நம்புமா? நீங்க பேசுங்க அங்கிள்."

மனைவி கோமதியின் பெயர் தெரிந்த கைப்பேசியை நீட்டினான். ஏற்கெனவே அழைப்பு போய்க்கொண்டிருந்தது.

"ஹலோ, கோமதிங்களா? தினேஷ் வேல செய்யிற எடத்துலேருந்து பேசுறேன்."

"மேனேஜருங்களா?"

"இல்லம்மா. அந்தக் காடிக்கார அம்மாவோட அண்ணன்."

"ஓ." குரல் குளிர்ந்தது. "அவரு பேசச் சொன்னாரா?"

"ஆமா. ஆனா பொய் இல்ல."

"போன தடவையும் இப்படித்தான் ஒரு கூட்டாளி போன் பண்ணாரு. தினேஷ் மேல தப்பே இல்ல, மொதலாளிதான் மோசம்னாரு. பின்னால பாத்தா ரெண்டு பேருமா சேந்து வேலைக்கு மட்டம் போட்டிருக்காங்க. நீங்க எந்தக் கூட்டாளி?"

"கூட்டாளி இல்லம்மா. எண்ணெய மாத்துனவன் நான்தான்."

"சரி, சொல்லுங்க. நல்ல எண்ணெய எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

"வெரல்ல தேச்சுப் பாத்தேன். நூல் இழுக்கல."

"என்னாது?"

மறுபடி சொன்னேன். கட்டைவிரல், சுட்டுவிரல், நூல். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத் தோணல."

"கடைக்காரராவது கேட்டிருப்பாரே, என்ன காடின்னு?"

"கேட்டாரு. லோரின்னு பொய் சொன்னேன்."

"ஏன்?"

"கார்னு சொன்னா அந்த எண்ணெய தர மாட்டாரு."

"அப்போ தப்புன்னு ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கு!"

"அவருக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்."

தினேஷ் என் முகத்தையே பார்த்தான். நான் என்ன செய்வதென்று தெரியாமல், கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தேன். பலகைமேல் காரை ஏற்றியதை, துணி ஊறவைக்கும் வாளியை, வாசலைக் கழுவி விட்டதை, கடகடவென்ற சத்தத்தைப் படுத்துக்கொண்டு கேட்டதை, நேற்று லார்க்கினில் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று தெரியாமல் பன் தின்றதை.

"போதும், போதும்," என்றாள் கோமதி. அவள் குரலில் சிரிப்பு இருந்ததா, அழுகை இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. "அங்கிள், எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லுவாரு. ஆனா இவ்ளோ கோமாளித்தனத்த உக்காந்து யோசிச்சு ஜோடிக்க அவரால முடியாது. போன அவருகிட்ட குடுங்க."

கொடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் அவன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைக் காற்சட்டையில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் போனான். "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். பிறகு, "நாளைக்கு லீவு போட்டுட்டு நானே வர்றேன். பிள்ள சாப்புட்டுச்சா?" என்றான்.

நான் வெளியே வந்தேன். புஷ்பா காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாத அமைதி. பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுறியா, பஸ்ல வர்றியா?"

"ஏறுறேன்."

"கதவ மெதுவாச் சாத்து," என்றாள்.